பாம்பன் மணலில் ஐம்பது வருடம் கிடந்த பீர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பாம்பனில் ஒரு பழைய முருகைக்கல் வீட்டை இடிக்கும்போது, மாடிப்படிக்குக் கீழே மணலில் பாதி புதைந்த பலகைப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே 14 பாட்டில். 9 லேகர் என்ற வெளிர்நிற பீர், 4 ஸ்டவுட் என்ற கருப்பு பீர், ஒன்று என்னவென்று தெரியாதது. பீர் எல்லாமே எழுபதுகளின் முற்பாதியில் வாங்கியவை. ஐந்தை வாயில் வைத்துப் பார்த்தோம். இன்னொரு மடக்கு கேட்க வைத்தது ஒன்றுதான். ஒரே பெட்டி, ஒரே வீடு, ஏறக்குறைய ஒரே வயது. அப்படியிருக்க ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்பதற்குக் கிடைத்த தடயங்களை இங்கே எழுதுகிறேன்.

நான் பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், உச்சிப்புளிக்காரன். அந்த வீட்டுக்காரத் தம்பி போன் பண்ணி, "அண்ணே, கொத்தனாருங்க ஆளுக்கு ஒண்ணு உடைச்சுப் பார்க்கலாம்னு நிக்கிறாங்க, சீக்கிரம் வாங்க" என்றார். பெட்டியை அசைக்காமல் அப்படியே வைக்கச் சொன்னேன். பாட்டில் எந்த வரிசையில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பது பின்னால் ரொம்ப உதவியது. எடுத்துக் கழுவி அடுக்கிவிட்டுக் கூப்பிட்டிருந்தால் பாதிக் கதை போயிருக்கும்.

பெட்டி அங்கே வந்த விதம்

இப்போது வீட்டில் மூத்தவர் எழுபதைத் தாண்டிய பெரியம்மா. அவருடைய அப்பா இலங்கைக்குப் போகும் கப்பலின் கேன்டீனில் வேலை பார்த்தவர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் பிடித்து, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போவார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எண்பதுகளில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றுவிட்டது.

ஸ்டவுட் அந்த வழியாக வந்தது. நுவரெலியா மலையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பீர் ஆலை வந்துவிட்டது. அங்கே காய்ச்சிய லயன் ஸ்டவுட் கருப்பாக, கெட்டியாக, ஆல்கஹால் எட்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெரியம்மா அதைச் சாராயக் கணக்கில் சேர்க்கவே இல்லை. "பிள்ளை பெத்தவளுக்கு ஒரு அவுன்ஸ் குடுப்பாங்கப்பா. அது மருந்து" என்றார். மருந்து நான்கு பாட்டில் எதற்கு என்று தம்பி கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

லேகர் உள்நாட்டுச் சரக்கு. சென்னை மாகாணம் முழுக்க 1948-லேயே மதுவிலக்கு வந்துவிட்டது. 1971-ல் அதைத் தளர்த்தினார்கள், 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் திரும்பத் திறந்தார்கள். இந்த லேகர் இடையில் கிடைத்த அந்த மூன்று வருட வாசலில் வாங்கியது என்று நினைக்கிறேன். பாட்டில்களைச் சுற்றியிருந்த தமிழ்ப் பேப்பர் ஒன்றில் 1974 ஆகஸ்ட் என்று தேதி தெரிந்தது. கடை மூடப்போகிறது, வீட்டில் இருப்பதைப் பத்திரப்படுத்து என்று ஒரு மனிதர் மணலைத் தோண்டியிருக்கிறார். அப்புறம் அவரும் அதை எடுக்கவில்லை, வேறு யாருக்கும் தெரியவும் இல்லை.

பேப்பர் தேதியை மட்டும் நம்ப முடியாது. பழைய பேப்பரில் புதுச் சரக்கைச் சுற்றலாம். அதனால் மூடியைப் பார்த்தேன். சோடா மூடி என்று நாம் சொல்லும் இந்தப் பல்மூடியை வில்லியம் பெய்ன்டர் என்ற அமெரிக்கர் 1892-ல் காப்புரிமை செய்தார். பல பத்தாண்டுகள் அதன் உள்ளே தக்கைவில்லைதான் இருந்தது, பிளாஸ்டிக் பூச்சு பிற்பாடு வந்தது. நாங்கள் திறந்த லேகர் மூடிகளில் தக்கைதான். பெரியம்மாவின் ஞாபகம், பேப்பர், தக்கை மூன்றும் ஒரே காலத்தைக் காட்டியதால் 1972-க்கும் 1974-க்கும் இடைப்பட்டது என்று முடிவு செய்தேன். ஸ்டவுட் லேபிளில் 'சிலோன்' என்றிருந்ததைத் தம்பி பெரிய ஆதாரமாகக் காட்டினார். நாடு 1972 மே மாதம் ஸ்ரீலங்கா ஆனது உண்மைதான். ஆனால் அந்த ஆலை தன் பெயரில் சிலோனை அதற்கப்புறமும் வைத்திருந்தது, ஆகவே அது செல்லாது. லேகர் லேபிள்களை ராமபாணப் பூச்சி பசையோடு தின்றுவிட்டது. மிஞ்சிய துண்டுகளில் எந்த ஆலை என்று படிக்க வழியில்லை.

திறக்கும் முன் பார்த்தவை

பாட்டில்கள் இரண்டு அடுக்காகப் படுத்திருந்தன. கீழடுக்கில் ஏழு, முழுக்க மணலுக்குள். மேலடுக்கில் ஏழு, பலகைக்கும் காற்றுக்கும் நடுவில். கீழே இரண்டு ஸ்டவுட், ஐந்து லேகர். மேலே இரண்டு ஸ்டவுட், நான்கு லேகர், அப்புறம் அந்தத் தெரியாத பாட்டில்.

நிமிர்த்தி வைத்து, பின்னால் டார்ச் அடித்து, உள்ளே மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். பழைய பீரைப் பற்றி லேபிளைவிட அதிகம் சொல்வது இந்த மட்டம்தான். பாட்டில் விரிசல் விடாமல் மட்டம் இறங்கியிருந்தால், மூடி வழியாக உள்ளிருந்தது வெளியே போயிருக்கிறது. திரவம் போன வழியில் காற்று வந்திருக்கிறது. மேலடுக்கு லேகர் நான்கிலும் மட்டம் தோளுக்குக் கீழே, ஒன்று ஏறக்குறையக் காலி. கீழடுக்கு லேகரில் மூன்று கழுத்துவரை இருந்தன, இரண்டு இறங்கியிருந்தன. ஸ்டவுட்டில் மேலடுக்கு ஒன்று மட்டும் இறக்கம், மற்ற மூன்றும் பரவாயில்லை.

மூடிகளின் நிலைமை மோசம். பாம்பன் காற்றில் சைக்கிள் செயினே இரண்டு மழைக்குத் தாங்காது. மெல்லிய தகரத்தைக் கேட்கவா வேண்டும். மேலடுக்கு மூடிகளில் துரு செதில் செதிலாக உரிந்தது, ஒன்றில் ஊசி போகிற அளவு ஓட்டை. மணலுக்குள் இருந்த மூடிகள் கறுத்திருந்தன, ஆனால் உலோகம் உறுதியாக இருந்தது. மணலிலும் உப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். படிக்கட்டின் கீழே மழையும் படவில்லை, அலைத்தூவானமும் வரவில்லை. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படாத இடத்தில் துரு மெதுவாகத்தான் நடந்திருக்கிறது.

இனி அந்தத் தெரியாத பாட்டில். பெட்டியிலேயே பார்க்க அழகாக இருந்தது அதுதான். வாய்வரை நிறைந்திருந்தது, தேன் நிறம், துளி வண்டல் இல்லை. கொத்தனார் முதல் தம்பிவரை எல்லார் கண்ணும் அதன்மேல்தான். எனக்குச் சந்தேகம் வந்ததும் அதே காரணத்தால். ஆலையில் நிரப்பிய எந்தப் பீர் பாட்டிலிலும் மூடிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், வாய்வரை நிரப்பவே மாட்டார்கள். ஐம்பது வருடப் பீரில் வண்டல் இல்லாமல் இருப்பதும் நடக்காது. உற்றுப் பார்த்தபோது மூடியின் பற்கள் ஒரே சீராக நெளியவில்லை, ஒரு பக்கம் சுத்தியலால் தட்டிய தடம் இருந்தது. யாரோ மூடியைக் கழற்றி, வேறெதையோ ஊற்றி, திரும்பத் தட்டி மூடியிருக்கிறார்கள்.

முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். கிளம்பிய நாற்றத்தில் தம்பியின் மனைவி அடுப்படி ஜன்னலைச் சாத்தினார். பெரியம்மா உள்ளிருந்தபடியே, "அது சுறா எண்ணெயில்ல! வள்ளத்துக்குப் பூசுறதுக்கு எங்கப்பா வச்சிருந்தாரு" என்றார். மரப்படகுப் பலகை உளுக்காமல் இருக்க மீன் எண்ணெய் பூசுவது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலி பீர் பாட்டில் கிடைத்தால் அதில் எதையாவது ஊற்றி வைப்பதும் தெரிந்ததுதான்: மண்ணெண்ணெய், வார்னிஷ், பூச்சிமருந்து, ஆசிட்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பீர் தானாக விஷமாவதில்லை. அதன் புளிப்பு, ஆல்கஹால், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு மூன்றும் சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடாது. மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலின் ஆபத்தும் பீர் நொதிக்கும்போது வருவதல்ல, கலப்படத்தில் வருவது. மூடி அசலாக இருந்தால் உள்ளே இருப்பது, மிஞ்சிப்போனால், சகிக்க முடியாத பீர். மூடி அசல் இல்லையென்றால் அது பீரே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். மோந்து பார்த்துத் தப்பிக்கலாம் என்று நினைப்பதும் தவறு, மெத்தனாலை மூக்கால் பிரித்தறிய முடியாது. கடலில் மிதந்து வரும் பாட்டிலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2024-ல் இலங்கைத் தங்காலைப் பக்கத்து மீனவர்கள் கடலில் மிதந்த பாட்டில்களை மது என்று நினைத்துக் குடித்துப் படகிலேயே இறந்தார்கள். நம் கரையிலும் வலையில் பாட்டில் சிக்காத நாள் குறைவு.

ருசி பார்த்தது

காலை நேரத்தில், வயிற்றில் காரம் இல்லாமல், மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், தம்பி, இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் நண்பர் ஒருவர். நண்பர் பீர் குடிப்பவர் இல்லை. அது நல்லதாகப் போயிற்று. நாள்முழுக்க இறாலை மோந்து நிராகரிக்கிற மூக்கு அது, பிடித்தது பிடிக்காதது என்ற பாசாங்கு அதற்குக் கிடையாது. பாட்டில்களை ஒருநாள் முன்பே நிமிர்த்தி வைத்து வண்டலைப் படியவிட்டு, ஐஸ் குளிர் இல்லாமல் மிதமாக ஆறவைத்திருந்தேன். ரொம்பக் குளிர வைத்தால் குறை தெரியாது. நம் ஊரில் பீரை நடுங்கக் குளிர வைத்துக் குடிப்பதற்கு வெயில் ஒரு காரணம், இது இன்னொன்று. துரு உதிர்வதால் துணியால் பொத்தித் திறந்து, வாயைத் துடைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினோம்.

மட்டம் இறங்கிய லேகர் ஆறில் இரண்டை மோந்து, புளிப்பு அளந்ததோடு நிறுத்திக்கொண்டேன். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; நல்ல பீரில் அது நான்கு, நான்கரையில் இருக்கும். இவை மூன்றுக்குப் பக்கம் வந்திருந்தன. காற்று உள்ளே போனால் வினிகர் பாக்டீரியா வேலையை ஆரம்பித்துவிடும். அந்த ஆறும் முற்றத்து முருங்கை மரத்தடிக்குப் போயின.

மட்டம் நின்ற மூன்று லேகரில் இரண்டைத் திறந்தோம். சத்தமே இல்லை, வாயு முழுக்கப் போயிருந்தது. வெளிர்நிறம் போய் கட்டன்சாயா நிறம், உள்ளே செதில் செதிலாக மிதக்கும் வெள்ளைத் துகள். பயப்படத் தேவையில்லை, புரதமும் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் துவர்ப்புப் பொருளும் கட்டியாகிப் பிரிந்தது அது. முதல் வாசனை நனைந்த அட்டை. நண்பர் யோசிக்காமல், "மழையில நனைஞ்ச கார்ட்டன்" என்றார், அவர்கள் இறால் அனுப்பும் அதே கார்ட்டன். இதற்குப் பெரும் காரணம் டிரான்ஸ்-2-நோனெனல் என்ற பொருள். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கொஞ்ச நேரம் கண்ணாடி டம்ளரில் விட்டபோது அட்டை விலகி மலிவான தேன், பழைய உலர்திராட்சை என்று ஒன்று வந்தது. கசப்பு சுத்தமாக இல்லை. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் வருடக்கணக்கில் சிதைந்துகொண்டே போகும், லேகருக்கு அதை விட்டால் தாங்குவதற்கு வேறு எலும்பு கிடையாது. இனிப்புத் தண்ணீராக முடிந்தது. தம்பி ஒரு மடக்கோடு டம்ளரைக் கவிழ்த்துவிட்டார். ஒரு கெடுதல் மட்டும் இதில் இல்லை. வெயில் பட்ட பீரில் வரும் அந்தத் துர்நாற்றம், வெளிச்சம் ஹாப்ஸ் கசப்பை உடைப்பதால் வருவது. மூடிய பெட்டியின் இருட்டு அதைத் தடுத்திருக்கிறது.

ஸ்டவுட்டில் முதலில் மேலடுக்கு. மட்டம் இறங்கியது சோயா சாஸும் புளிப்பும். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மூடியில் ஓட்டை இருந்தது அதுதான். மட்டம் நின்ற மேலடுக்கு ஸ்டவுட் கொஞ்சம் சிக்கலானது. மோந்தால் நன்றாக இருந்தது: தீய்ந்த வெல்லம், காப்பித்தூள். வாயில் வைத்தால் நடுவில் ஒரு பெரிய காலியிடம், முடிவில் இறைச்சிச்சாறு போல உப்பில்லாத ஒரு கனம். பாட்டிலில் ஈஸ்ட் மிஞ்சியிருந்து செத்துக் கரைந்தால் இந்தக் கனம் வரும். வெப்பத்தில் சீக்கிரம் வரும். நண்பர் இதை நிராகரிக்கவில்லை, "சமையலுக்கு ஆகும்" என்றார். அது நியாயமான தீர்ப்பு.

கீழடுக்கு ஸ்டவுட்டைத் திறக்கும்போது லேசாக 'ஸ்' என்றது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊற்றும்போது பழுப்பு நுரை விரல் அகலம் எழுந்து உடனே அடங்கியது. கருப்பட்டி, பேரீச்சம்பழம், பின்னால் அடுப்புக்கரி. ஷெரி ஒயினில் வரும் அந்தக் கொட்டைப்பருப்பு வாசனையும் தெளிவாக இருந்தது. அட்டை வாசனை தேடியும் கிடைக்கவில்லை. கசப்பு இருந்தது, ஆனால் ஹாப்ஸ் கசப்பு இல்லை. வறுத்த தானியத்தின் கசப்பு, அது அவ்வளவு சுலபமாகப் போகாது. சோயா வாசனை ஓரமாக எட்டிப்பார்த்தது, அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி இன்னொரு மடக்கு கேட்டார். பெரியம்மாவுக்கு ஒரு ஸ்பூன் போயிற்று. "இனிப்பு ஜாஸ்தியா இருக்கு, முந்தி இப்படி இல்ல" என்றார். 1974-க்கு முந்திய ஸ்டவுட்டைக் குடித்தவர் எங்களில் அவர் ஒருவர்தான், ஆகவே அந்தக் குறிப்பையும் பதிவு செய்கிறேன்.

ஏன் அந்த ஒன்று

வெளிநாட்டில் பழைய பீர் என்றால் பெருமையாகப் பேசுவார்கள். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் 1869-ல் காய்ச்சிய ராட்க்ளிஃப் ஏல் (ஏல் என்பது ஒரு பீர் வகை) பாட்டில்கள் 2006-ல் நிலவறையிலிருந்து வெளியே வந்தன, குடித்தவர்கள் மெச்சினார்கள். ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து தொடங்கிவைத்த 1902-ஆம் வருடக் கிங்ஸ் ஏலும் அதே ஊர். படிக்கும்போது வயது ஏறினால் ருசி ஏறும் என்று தோன்றும். ஆனால் அவை வீரியம் மிகுந்த பீர்கள், வருடம் முழுக்கக் குளிர்ந்த அறைகள். பத்து டிகிரி வெப்பம் கூடினால் இந்த மாதிரி ரசாயன மாற்றங்கள் இரண்டு, மூன்று மடங்கு வேகமாக நடக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்த நிலவறை 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், நம் கரையில் வருட சராசரியே 28-ஐத் தாண்டும், ஓட்டுக்குக் கீழே இன்னும் மேலே. தோராயமாகச் சொன்னால் பாம்பனில் ஐம்பது வருடம் அங்கே நூற்றைம்பதுக்கும் மேல். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ஸ்டவுட் ராட்க்ளிஃப் ஏலைவிட மூத்தது.

குளிர் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. பால்டிக் கடலில் ஆலண்ட் தீவுப் பக்கம் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 1840-கள் காலத்துப் பீர் பாட்டில்களை 2010-ல் எடுத்தார்கள். அந்த ஆழத்தில் தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும், வெளிச்சமும் கிடையாது. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் திறந்தபோது எரிந்த ரப்பர், முற்றிய சீஸ், ஆட்டு வாடை. தக்கை வழியாகக் கடல்நீர் புகுந்திருந்தது. ஆக மூடி போனால் குளிரும் காப்பாற்றாது. எங்கள் பெட்டியும் அதையேதான் சொன்னது. மட்டம் இறங்கிய ஏழில் நாங்கள் சோதித்த மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை, ஒன்று ஸ்டவுட்டாக இருந்தும் கூட.

மூடி தாங்கியவற்றுக்குள் வித்தியாசத்தைத் தீர்மானித்தது பீரின் வகை. ஒரே மணலில், ஒரே அடுக்கில், நல்ல மூடியோடு கிடந்தும் லேகர் செத்துப்போனது. ஸ்டவுட்டின் கறுப்பு மால்ட்டில் உள்ள பொருள்கள் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஆல்கஹாலும் கெட்டித்தன்மையும் கூடுதல், பழைய வாசனை வந்தாலும் அதன் சொந்த வாசனையோடு ஒத்துப்போகும். லேகரில் உலர்திராட்சை வந்தால் அது பழுது. ஸ்டவுட்டில் வந்தால் வரவேற்கிறோம். கொஞ்சம் பாரபட்சம்தான், ஆனால் நாக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

மீதி இருப்பது ஒரே வகை, நல்ல மூடி, ஆனால் வேறு அடுக்கு. மேலடுக்கு ஸ்டவுட்டுக்கும் கீழடுக்கு ஸ்டவுட்டுக்கும் இருந்த தூரத்துக்கு மணல்தான் விளக்கம் என்று நினைக்கிறேன். முருகைக்கல் சுவர் தடிமன், அதற்குள் படிக்கட்டின் நிழல், அதற்கும் கீழே மணல். பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் அங்கே அவ்வளவாகப் போய்ச் சேராது. மேலே இருந்தது தினமும் சூடாகி ஆறி, ஒவ்வொரு முறையும் மூடி வழியாகத் துளி மூச்சு விட்டிருக்கும். ஒரு பாட்டிலுக்கு ஒரு பாட்டில் என்ற ஒப்பீட்டில் இதை அடித்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, திசை அதுதான் என்பதில் சந்தேகமும் இல்லை.

விலை பற்றிக் கேட்காதவர் ஊரில் இல்லை. தம்பி மகன் போனில் தேடி, 1852-ஆம் வருட ஆர்க்டிக் ஏல் பாட்டில் ஒன்று 2007-ல் இணைய ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்குப் போனதாகக் காட்டினான். அது விளையாட்டாகக் கேட்ட ஏலம் என்று பிற்பாடு தெரியவந்தது, பணம் கைமாறவே இல்லை. லேபிள் இல்லாத, பெயர் தெரியாத லேகருக்கு எந்தச் சேகரிப்பாளரும் பஸ் டிக்கெட் காசுகூடத் தரமாட்டார்.

இப்போது மிச்சம் ஒரு லேகரும் கீழடுக்கின் இன்னொரு ஸ்டவுட்டும். லேகரை மூடியோடு நான் வாங்கிவந்துவிட்டேன், தக்கைவில்லைக்காக. ஸ்டவுட்டை மகள் கல்யாணம்வரை வைத்திருக்கலாமா என்று தம்பி கேட்டார். மகளுக்கு இப்போது பதினொரு வயது. மூடி ஏற்கெனவே கறுத்துவிட்டது, மணலிலிருந்து எடுத்தும் ஆயிற்று, புது வீட்டில் அந்த மாதிரி இடமும் இல்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வைத்து, வருகிற கிறிஸ்துமஸுக்கே திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.